அப்பா பார்த்த அரண்மனை

அப்பா ஆயுதப்படைக் காவலராக 31 ஆண்டுகள் இருந்தார். அதில் பாதிக்கு மேல் பாரா பணிதான். கருவூலம், நீதிபதியின் பங்களா, அமைச்சர்கள் தங்கும் விருந்தினர் மாளிகை, வாக்குப்பெட்டி வைத்திருந்த பள்ளிக்கூடம் என்று அவர் நின்ற இடங்களை வரிசையாகச் சொல்வார். எந்த வாசலில் வெயில் எத்தனை மணிக்கு வரும், எங்கே மழைச்சாரல் அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. 2023 செப்டம்பரில் அவர் என்னைப் பார்க்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்தபோது, ஜார் மன்னர்களின் கோடைக்கால அரண்மனைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கே பாரா மாற்றுவார்களா?"

மாற்றுவார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நகரத்தில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர், தினமும் நண்பகலில் பழைய சீருடையில் காவல் மாற்றும் சடங்கு நடக்கும், நல்ல இடத்தில் நிற்க வைக்கிறேன் என்று சொல்லி இரண்டு பேருக்கும் முன்பணம் வாங்கியிருந்தார். அப்படி ஒரு தினசரிச் சடங்கு அங்கே நடப்பதாக எந்த அறிவிப்பும் இல்லை என்பது அரண்மனை வாசலில் கேட்டபோதுதான் தெரிந்தது. பணம் திரும்ப வரவில்லை. காவல் மாற்றுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மாஸ்கோவுக்குப் போக வேண்டும். கிரெம்ளின் மதிலுக்கு வெளியே, பெயர் தெரியாத போர்வீரனின் நினைவிடத்தில் அணையாச் சுடருக்கு இருபுறமும் நிற்கும் காவலர்கள் பகலில் மணிக்கொரு முறை மாறுவார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் என்றால், பீட்டர் பால் கோட்டையில் தினமும் பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பதைப் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அரண்மனையின் சொந்த அறிவிப்பை ஒரு முறை படித்துவிடுங்கள். நான் படித்திருந்தால் அப்பாவை ஏமாற்றியிருக்க மாட்டேன்.

ஆனாலும் அன்று அவர் அந்த அரண்மனையில் காவலைப் பார்த்தார். நான் நான்கு முறை போயும் பார்க்காததை அவர் ஒரே நாளில் பார்த்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நகரத்திலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது ஜார்ஸ்கோயே செலோ. பெயரைக் கேட்டால் 'ஜாரின் ஊர்' என்று தோன்றும். முதலில் அது சாரி என்ற ஃபின்னியப் பெயர். மேட்டுநிலத்தில் இருந்த ஒரு பண்ணைக்கு வழங்கிய பெயர். ரஷ்யர் வாயில் சார்ஸ்காயா ஆகி, அரச குடும்பம் குடியேறிய பிறகு ஜார்ஸ்கோயே ஆயிற்று. மகா பீட்டர் 1710-இல் அந்த இடத்தைத் தன் துணைவி கேத்தரினுக்குக் கொடுத்தார். அவர் கட்டியது சிறிய கல்வீடு. கேத்தரின் அரண்மனை என்று இன்று நாம் பார்க்கும் நீலமும் வெள்ளையும் பொன்னுமான மாளிகை அவர்களுடைய மகள் எலிசபெத்தின் ஆசை. 1752 முதல் 1756 வரை கட்டடக்கலைஞர் ரஸ்த்ரெல்லி அதை இழைத்தார். முகப்பு ஏறத்தாழ 300 மீட்டர். வெளிச்சுவரின் சுதை வேலைக்கும் கூரைமேல் நின்ற சிலைகளுக்கும் 100 கிலோவுக்கு மேல் தங்கம் பூசினார்கள். ஊரின் பெயர் இப்போது புஷ்கின். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் சிறுவயதில் அங்கே பள்ளியில் படித்தார். அவர் இறந்து நூறாண்டு ஆன 1937-இல் அந்தப் பெயரை வைத்தார்கள்.

நான் முதல் முறை போனது படிக்க வந்த ஆண்டின் ஜனவரியில். வகுப்புத் தோழிகளோடு வித்தெப்ஸ்கி நிலையத்தில் மின்ரயில் ஏறினோம். அரைமணி நேரப் பயணம். ரஷ்யாவின் முதல் ரயில் 1837-இல் ஓடியது இந்தத் தடத்தில்தான். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அன்று செவ்வாய்க்கிழமை, அரண்மனைக்கு விடுமுறை. மாதத்தின் கடைசித் திங்களும் கேத்தரின் அரண்மனை திறக்காது. இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாசல் வரை வந்து திரும்பும் வெளிநாட்டவர்களை அதன்பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

உள்ளே போக முடியாததால் பனி மூடிய பூங்காவில் நடந்தோம். ஓரிடத்தில் பாதையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மரப்பெட்டிகள் வரிசையாக நின்றன. மேலே சின்னக் கூரை. காவலர் நிற்கும் கூண்டுகள் என்று நினைத்தேன். ஜார் காலத்துக் கூண்டுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று தோழிகளிடம் சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவற்றுக்குள் இருந்தவை பளிங்குச் சிலைகள். பளிங்கின் நுண்விரிசலில் ஈரம் இறங்கி உறைந்தால் கல் வெடித்துவிடும் என்பதால் குளிர்காலம் முழுவதும் சிலைகளைப் பெட்டிக்குள் வைத்து, வசந்தத்தில் திறப்பார்கள். சிலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மே மாதத்துக்குப் பிறகு போங்கள். கூட்டமில்லாமல் அறைகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் குளிர்காலம் நல்லது. கோடையில் வரிசை பூங்கா வரை நீளும்.

அப்பாவோடு போனது ஒரு திங்கள்கிழமை. வெளிநாட்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ரொக்கம் கொண்டுவந்து ரூபிளாக மாற்றிக்கொள்ள வேண்டும். டிக்கெட்டை இணையத்தில் வாங்கவும் உள்ளூர் அட்டை தேவை. அங்கே படிக்கும் மாணவர் யாரையாவது தெரிந்தால் அவரிடம் சொல்லி நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வயதானவர்களை வரிசையில் நிற்க வைக்க வேண்டியிருக்காது. பாஸ்போர்ட்டும் விமான நிலையத்தில் தரும் குடியேற்றச் சீட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

வாசலருகே 18-ஆம் நூற்றாண்டுச் சீருடையில் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். முக்கோணத் தொப்பி, பொன்னிறப் பொத்தான், வெள்ளைக் காலுறை. அப்பா அவர்களை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துவிட்டு, "இவர்கள் காவலர்கள் இல்லை. முழங்கால் தளர்ந்திருக்கிறது" என்றார். உண்மைதான். படம் எடுத்துக்கொள்ள நின்று பிழைக்கிறவர்கள். அவர்களோடு படம் எடுக்க விரும்பினால் எவ்வளவு, ஒரு படத்துக்கா ஒரு ஆளுக்கா என்று முதலில் கேட்டு ஒப்புக்கொண்டு பிறகு நில்லுங்கள். எடுத்தபின் கேட்டால் தொகை வேறாக இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் மேலங்கியைக் காப்பறையில் கொடுக்க வேண்டும். எண் பொறித்த வில்லை தருவார்கள். காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு பாஹிலி என்று பெயர். அந்த உறையோடு மெழுகிட்ட மரத்தரையில் நடக்கும்போது வழுக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பெரிய மண்டபம் 800 சதுர மீட்டருக்கு மேல். இருபுறமும் ஜன்னல், ஜன்னல்களுக்கு இடையில் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிப் பொன்னிறச் செதுக்கல். எல்லோரும் அண்ணாந்து கூரை ஓவியத்தைப் பார்த்தார்கள். அப்பா கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்பர் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் வரலாறே சிப்பாய்களோடு பிணைந்திருக்கிறது. மரப்பிசின் பல கோடி ஆண்டுகள் மண்ணில் கிடந்து கல்லானதுதான் அம்பர்; பால்டிக் கடற்கரையில் கிடைக்கும். அதைச் சில்லுச் சில்லாக இழைத்து ஒரு அறையின் சுவர்ப் பலகைகள் முழுவதையும் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் மன்னருக்காகச் செய்தார்கள். வேலை 1701-இல் தொடங்கியது. அவருக்குப் பின் வந்த முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்கு அலங்காரத்தில் நாட்டமில்லை. உயரமான சிப்பாய்களைச் சேர்ப்பதில் அவருக்கு இருந்த வெறி ஐரோப்பா முழுவதும் தெரிந்திருந்தது. 1716-இல் அவர் அந்த அம்பர் பலகைகளை மகா பீட்டருக்குப் பரிசளித்தார். பதிலுக்குப் பீட்டர் அனுப்பியவற்றில் 55 நெட்டையான ரஷ்யச் சிப்பாய்களும் இருந்தார்கள். இதைச் சொன்னதும் அப்பா நின்றுவிட்டார்.

"ஆட்களையா கொடுத்தார்?"

"ஆமாம் அப்பா. அந்தக் காலத்தில் அப்படித்தான்."

"அவர்கள் ஊர் திரும்பினார்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அறையைப் பற்றி நான் படித்த எதிலும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

1755-இல் எலிசபெத், நகரத்துக் குளிர்கால அரண்மனையில் இருந்த அந்தப் பலகைகளை இங்கே கொண்டுவரச் சொன்னார். வண்டியில் ஏற்றினால் குலுங்கி உதிர்ந்துவிடும். சிப்பாய்கள் கையிலேயே சுமந்துவந்தார்கள். 1758-இலிருந்து அதைப் பராமரிக்கவென்றே ரோகென்புக் என்ற பிரஷ்யக் கைவினைஞரை நியமித்தார்கள். கணப்பின் வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் சுருங்கி விரியும். சில்லுகள் பெயரும். பெயர்ந்ததை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் ஒரு காவலர் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

1941 கோடையில் ஜெர்மன் படை நெருங்கியபோது அனதோலி குச்சுமோவ் என்ற இளம் காப்பாளர் அரண்மனைப் பொருட்களைக் கட்டி உள்நாட்டுக்கு அனுப்பினார். அம்பர் பலகையைத் தொட்டால் உதிர்ந்தது. அதனால் காகிதமும் பஞ்சும் வைத்து மூடி அங்கேயே மறைத்துவிட்டுப் போனார்கள். செப்டம்பர் 17 அன்று ஊர் விழுந்தது. வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துக் கழற்றி கோனிக்ஸ்பெர்க் நகரக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபோது காணவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. நாம் பார்ப்பது 1979-இல் தொடங்கி 2003-இல் முடித்த மறுபடைப்பு. பழைய அறையிலிருந்த நான்கு கல்லோவியங்களில் ஒன்று மட்டும் 1997-இல் ஜெர்மனியில் அகப்பட்டு 2000-இல் திரும்பி வந்தது. குச்சுமோவ் போருக்குப் பிறகு ஊர் ஊராகப் போய், சிதறிய அரண்மனைப் பொருட்களைத் தேடி மீட்டார். அந்த ஒரு அறை மட்டும் அவர் கைக்குத் திரும்பவில்லை.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். முட்டைக்கோஸ் வைத்த பிரஷோக்கும் (உள்ளே பூரணம் அடைத்த சிறு ரொட்டி) தேநீரும் வாங்கினேன். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கடையில் 'ஸ் கபூஸ்தோய்' என்று கேட்டால் முட்டைக்கோஸ் வைத்ததைத் தருவார்கள். 'ஸ் கர்தோஷ்கோய்' என்றால் உருளைக்கிழங்கு. உள்ளே இறைச்சி இல்லையா என்று மறுபடி ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. தேநீர் குடித்தபடி அப்பாவுக்குப் பூவுக்குக் காவல் நின்ற சிப்பாயின் கதையைச் சொன்னேன்.

1859-இல் பிரஷ்யத் தூதராக பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த பிஸ்மார்க் எழுதி வைத்தது அது. நகரத்தில் நெவா நதிக்கரைக் கோடைத் தோட்டத்தில், புல்வெளி நடுவே ஒரு காவலர் நின்றிருப்பதைப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கவனித்தார். ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், உத்தரவு என்கிறான் சிப்பாய். காவல் அலுவலகத்தில் விசாரித்தால், கோடையும் குளிரும் அங்கே ஆள் நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. கடைசியில் ஒரு வயதான பணியாளர் தன் தந்தை சொன்னதை நினைவுகூர்ந்தார். பேரரசி இரண்டாம் கேத்தரின் ஒருமுறை அந்த இடத்தில் பருவத்துக்கு முன்பே மலர்ந்த பனிப்பூவைப் பார்த்தாராம். யாரும் பறிக்கக் கூடாது என்றாராம். அதற்காக நிறுத்திய காவல், பூ உதிர்ந்து பல பத்தாண்டுகள் கழித்தும் தொடர்ந்து நின்றது.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அவன் நின்றது சரிதான் அம்மா. உத்தரவை ரத்து செய்யாதவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்."

எனக்கு அதுவரை தெரியாத சங்கதி. ஒரு பழைய கட்டடத்தில் பூட்டிய அறைக்கு 11 நாள் பாரா நின்றாராம். ஒன்பதாவது நாளில்தான், உள்ளே இருந்த பொருட்களை முதல் நாளே வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததாம். மேலிடத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வரும்வரை மேலும் இரண்டு நாள் நின்றிருக்கிறார். அந்த வாரம்தான் நான் பிறந்தேன். என்னைப் பார்க்க அவர் ஏன் தாமதமாக வந்தார் என்று அம்மா இன்றும் குறைப்பட்டுக்கொள்வது எதனால் என்று அங்கே, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

மதியம் அலெக்சாண்டர் அரண்மனைக்கு நடந்தோம். பத்து நிமிட நடைதான். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது வயதானவர்களுக்கு அதிகம். மறுமுறை என்றால் இரண்டு நாளாகப் பிரிப்பேன். பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் இந்த அரண்மனைக்கு வருவதே இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கும். பேரன் அலெக்சாண்டருக்காக இரண்டாம் கேத்தரின் கட்டச் சொன்னது. 1792 முதல் 1796 வரை குவாரெங்கி கட்டினார். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண்கள், ஆர்ப்பாட்டம் இல்லாத அழகு. கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் 1868-இல் இங்கே பிறந்தார். 1905-க்குப் பிறகு மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாகப் பெரும்பாலும் இங்கேயே வாழ்ந்தார். கோடைக்கால மாளிகை ஆண்டு முழுவதற்குமான வீடாகிவிட்டது. நகரத்தில் கொந்தளிப்பு, இங்கே காவல் போடுவது எளிது.

அந்தக் காவலை அப்பாவுக்கு நின்ற இடத்திலிருந்தே காட்டினேன். வேலிக்கு வெளியே குதிரையில் சுற்றி வந்தவர்கள் ஜாரின் சொந்தக் கொசாக் மெய்க்காவல் படை. 1811-இல் உருவான பிரிவு. விழா நாளில் செந்நிற நீள அங்கி, சாதாரண நாளில் நீலம். பூங்காவுக்குள் நின்றவர்கள் பல படைப்பிரிவுகளிலிருந்து பொறுக்கியெடுத்த ஆட்களைச் சேர்த்து அமைத்த காலாட்படையினர். வாசல்களிலும் சாலைகளிலும் அரண்மனைக் காவல்துறை. எல்லாவற்றையும் தாண்டிப் போனால், அரசரின் அறைக்கதவைத் திறந்து மூட, தலைப்பாகையும் பொன்சரிகை மேற்சட்டையும் அணிந்த கறுப்பினத்தவர் நால்வர். அவர்களிடம் ஆயுதம் இல்லை. அவர்களில் ஒருவர் ஜிம் ஹெர்குலஸ் என்ற அமெரிக்கர். ஊருக்கு விடுமுறையில் போய்த் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் கொய்யா ஜெல்லி கொண்டுவருவாராம். பனி கொட்டும் ஊரில் கொய்யா மணத்துக்குக் காத்திருந்த குழந்தைகளை நினைத்துக்கொண்டேன்.

அப்பா கேட்டுவிட்டு, "இத்தனை அடுக்கு இருந்தும் என்ன ஆயிற்று?" என்றார்.

ரஷ்யாவில் அரசர்களை ஆக்கியதும் இறக்கியதும் பல முறை காவல் படைதான். எலிசபெத் 1741-இல் அரியணை ஏறியது பிரியோபிரஷென்ஸ்கி காவல் படையின் தோளில். 1762 கோடையில் பீட்டர்ஹோஃப் மாளிகையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, நகரத்துப் படைவீட்டுக்குப் போய், தன் கணவர் மூன்றாம் பீட்டருக்கு எதிராகக் காவல் படைகளின் சத்தியத்தை வாங்கியவர் இரண்டாம் கேத்தரின். காவலர் சீருடையில் குதிரை ஏறி அந்தப் படையின் முன்னால் திரும்பி வந்தார்.

1917-இல் நடந்தது இப்படியான கம்பீரமான கதை இல்லை. மார்ச் 13 இரவு. பிள்ளைகள் தட்டம்மையில் படுத்திருக்கிறார்கள். ஜார் ஊரில் இல்லை. அந்த ஊர்ப் படைவீடுகளிலேயே கலகம் வெடித்துவிட்டது. அரண்மனை முற்றத்துப் பனியில் காவலர்கள் அணிவகுத்து நின்றபோது, அரசி அலெக்சாந்திரா மகள் மரியாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்து வரிசை வரிசையாக நடந்து அவர்களோடு பேசினார். குளிரில் நின்றவர்களை முறைவைத்து உள்ளே வந்து சூடான தேநீர் குடிக்கச் செய்தார். ஓரிரு நாளில் காவல் கடற்படையினர் இடத்தை விட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். மார்ச் 21 அன்று அரசி கைதானார். மறுநாள் நிக்கோலஸ் அரியணை துறந்த ஆளாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவரை உள்ளே விடலாமா என்பதைக் காவலர்கள்தான் முடிவு செய்தார்கள். காவல் அதே வாசலில்தான் இருந்தது. துப்பாக்கி திரும்பியிருந்த திசைதான் மாறியிருந்தது. அந்த வசந்தத்தில் குடும்பம் பூங்காவில் காய்கறித் தோட்டம் போட்டது. சிப்பாய்கள் சுற்றி நின்றார்கள். ஆகஸ்ட் 14 விடியலில், இரவெல்லாம் பெட்டி படுக்கைகளோடு அரைவட்ட மண்டபத்தில் காத்திருந்த குடும்பத்தைச் சைபீரியாவின் தொபோல்ஸ்குக்கு ரயில் ஏற்றினார்கள். யாரும் திரும்பவில்லை.

குடும்பம் இருந்த அறைகளை 1917-லேயே ஒரு கலைக்குழு பட்டியலிட்டது. ஸெயெஸ்ட் என்ற புகைப்படக் கலைஞர் கண்ணாடித் தகட்டில் வண்ணப்படமே எடுத்து வைத்தார். பின்னால் ஜெர்மன் படை இங்கே அலுவலகம் வைத்தது. வாசலெதிரே தங்கள் ஆட்களைப் புதைத்தது. போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கட்டடம் கடற்படை வசம் இருந்தது. பல ஆண்டு வேலைக்குப் பின் 2021 ஆகஸ்டில் அறைகள் மக்களுக்குத் திறந்தன. அரசியின் இளஊதா அறையின் பட்டுத்துணி நிறத்தை, ஜன்னல் திரையின் மடிப்பை, அந்தப் பழைய வண்ணப்படங்கள்தான் காட்டிக்கொடுத்தன.

அந்த இளஊதா அறையில்தான் அப்பா அந்த அம்மாவைப் பார்த்தார். ரஷ்ய அருங்காட்சியகங்களில் அறைக்கு ஒருவராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதான பெண்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நானும் அவர்களைப் பார்த்துப் பயந்ததோடு சரி. முதுகுப்பை சுவரில் உரசினால் அதட்டுவார்கள். உள்ளே போனதும் 'ஸ்த்ராஸ்த்வுய்த்யே' என்று வணக்கம் சொல்லுங்கள். படம் எடுக்கும் முன் 'மோஷ்னா?' என்று கேளுங்கள். அந்த இரண்டு சொல்லுக்கு அவர்கள் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்பா என் காதில், "நாற்காலி போட்டிருக்கும் இடத்தைப் பார்" என்றார். பார்த்தேன். அங்கே உட்கார்ந்தால் இரண்டு கதவும் நேராகத் தெரிந்தன. பார்வைக்கு மறைந்த ஜன்னல் மூலை, எதிரே இருந்த கண்ணாடியில் விழுந்தது. ஒரு குழு உள்ளே வந்ததும் அந்த அம்மா எழுந்து நின்றார். குழு வெளியேறும்வரை உட்காரவில்லை. கயிற்றுத் தடுப்பின் கொக்கியை விரலால் ஒருமுறை தொட்டுச் சரிபார்த்தார். காலில் வீட்டுச் செருப்பு போன்ற மெத்தென்ற காலணி. கணுக்கால் வீங்கியிருந்தது.

"எத்தனை மணி நேரம் என்று கேள்" என்றார் அப்பா. கேட்டேன். திறப்பதிலிருந்து மூடும்வரை, நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் வேறொருவர் வந்து மாற்றிவிடுவார் என்றார். "மாற்று ஆள் நேரத்துக்கு வருவாரா என்று கேள்." அதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். இவர் யார், இப்படிக் கேட்கிறாரே என்றார். என் அப்பா, 31 வருடம் பாரா நின்றவர் என்று சொன்னேன். ரஷ்ய மொழியில் காவல் நிற்பவரைச் 'சசவோய்' என்பார்கள்; மணிக்கணக்கில் நிற்பவர் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் அப்பாவை வேறு மாதிரி பார்த்தார்.

பிறகு அவராகவே பேசினார். அவருடைய தாய் போர் முடிந்த ஆண்டுகளில், பதின்வயதுப் பெண்ணாக, பெரிய அரண்மனையான கேத்தரின் அரண்மனையின் இடிபாடுகளை அகற்றும் வேலை செய்தாராம். எரிந்த கூரையின் சாம்பலைச் சல்லடையில் சலிப்பார்களாம். விரல் அளவு சுதைத்துண்டு, பொன்னிறச் செதுக்கலின் இலை, கதவுக் கைப்பிடி என்று எது கிடைத்தாலும் எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைப்பார்களாம். "அம்மாவுக்குக் கடைசிவரை கை விரலில் தடிப்பு இருந்தது" என்று தன் விரலைக் காட்டினார். அந்த அரண்மனையின் முதல் சில அறைகள் 1959-இல் திறந்தபோது தாயோடு வரிசையில் நின்று பார்த்தது நினைவிருக்கிறது என்றார். அப்போது அவருக்கு வயது ஐந்து.

அப்பாவுக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அறையின் ஓரத்தில் அடைத்திருந்த பக்கக் கதவைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒரு நூல். அதன் முனை ஒரு சிறு மரத்தகட்டில் களிமண் போன்ற மெழுகில் பதிந்து, மேலே வட்ட முத்திரை. அன்று காலையில் அது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்ததாகச் சொன்னார் அந்த அம்மா. மாலையில் எல்லாக் கதவும் அப்படித்தான் மூடும்.

"நம் கருவூலத்தில் அரக்கு வைப்போம்" என்றார் அப்பா. "பாரா ஏறும்போது அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். இங்கேயும் அதுதான்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், முகத்தை முத்திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். வேறு யாராவது அப்படிக் குனிந்திருந்தால் அந்த அம்மா அதட்டியிருப்பார். அவரை ஒன்றும் சொல்லவில்லை.

மூடும் நேரம் வந்தது. காப்பறையில் வில்லையைக் கொடுத்து மேலங்கியை வாங்கிக்கொண்டோம். பெரிய அரண்மனையில் எத்தனை தங்கம், அம்பர் எத்தனை நிறம் என்று நான் ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் அமைதியாக நடந்தார். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அந்த அம்மா நாளைக்கும் அங்கேதான் இருப்பாரா?"

"நாளைக்குச் செவ்வாய் அப்பா. விடுமுறை."

"நல்லது" என்றார். "காலை நீட்டி உட்காரட்டும்."